வாடகை விலைக்குக் கிரயப் பத்திரம்: விளம்பரத்துக்கும் படத்துக்கும் பாட்டைக் கொடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"சார், உங்க பாட்டு ஒண்ணு எங்க விளம்பரத்துக்குக் கரெக்டா செட் ஆகுது. பட்ஜெட் கொஞ்சம் கம்மி. பதினஞ்சு ஓகேவா? இன்னைக்கு நைட் எடிட்."

இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி முதல்முறை வந்தபோது ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஓகே போட்டேன். 15,000 ரூபாய் மறுநாளே வந்துவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. கூடவே ஒரு மெயில் வந்தது. நாலே வரி. மூன்றாவது வரியில் ‘ஃபுல் பைஅவுட்’ (ஒரே தொகைக்கு எல்லா உரிமையும் கைமாறுவது) என்று இருந்தது. நான் அதைப் படித்தேனா என்றுகூட நினைவில்லை. நகைக்கடை விளம்பரம் அது. அந்தத் தீபாவளிக்கு ஓடியது. அடுத்த தீபாவளிக்கும் ஓடியது. அப்புறம் தெலுங்கு வரி போட்டு ஆந்திரா பக்கமும் ஓடியது. போன் செய்து கேட்டேன். அந்த மூன்றாவது வரியில் மஞ்சள் கோடு போட்டு எனக்கே திருப்பி அனுப்பினார்கள்.

வீட்டை வாடகைக்குக் கேட்டு வந்தவர், ஒரு மாத வாடகையைக் கையில் கொடுத்துவிட்டுக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிப் போன கதை இது. பாட்டுத் தொழிலில் நான் பார்த்த ஏமாற்றங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே ரகம்தான். பணம் கம்மி என்பது இரண்டாவது பிரச்சினை. எதற்கு அந்தப் பணம் என்று எழுதாததுதான் முதல் பிரச்சினை.

கீழே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டத்தை ஒட்டியது. சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவர்கள், சுயாதீன இசைக்குழுக்கள், ஜிங்கிள் செய்கிறவர்கள், சின்னப் படங்களுக்கு இசையமைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: பாட்டில் எத்தனை சொத்து இருக்கிறது என்று எண்ணுங்கள்

காதுக்கு ஒரே பாட்டு, சட்டத்துக்கு மூன்று சொத்து. மெட்டு ஒன்று. வரிகள் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பாடி, வாசித்து, மிக்ஸ் செய்து எடுத்த ஒலிப்பதிவு மூன்றாவது. மெட்டையும் வரியையும் சேர்த்துத் தொழிலில் ‘பப்ளிஷிங்’ என்பார்கள். ஒலிப்பதிவை ‘மாஸ்டர்’ என்பார்கள்.

நிலமும் அதன்மேல் கட்டிய வீடும் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. மெட்டும் வரியும் நிலம், மாஸ்டர் வீடு. ஒரே நிலத்தில் இன்னொருவர் அனுமதி வாங்கி வேறொரு வீடு கட்டலாம், அதுதான் கவர் வெர்ஷன். வீடு பொதுவாக ரெக்கார்டிங் செலவைப் போட்டு அதைத் தயாரித்தவருக்குச் சொந்தம். நிலம் மெட்டுப் போட்டவருக்கும் வரி எழுதியவருக்கும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 13(4) பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: படத்துக்கோ ஒலிப்பதிவுக்கோ இருக்கும் உரிமை, அதற்குள் இருக்கும் படைப்புகளின் தனி உரிமையைப் பாதிக்காது.

பாடியவருக்கும் வாசித்தவருக்கும் இவை போகத் தனியாக ஒரு உரிமை உண்டு. நிகழ்த்துநர் உரிமை என்று பெயர், 50 வருடம் செல்லும். 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு மேடைக் கச்சேரி தொடர்பாக நோட்டீஸ் போனபோது, "பாடினவருக்கே உரிமை இல்லையா?" என்று ஊரே கேட்டது. பாடியவருக்கு உரிமை இருக்கிறது, ஆனால் அது அவர் பாடிய பாட்டுப்பதிவின் மேல். மெட்டை வேறொரு மேடையில் பாடுவதற்கு நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். கச்சேரிக்கு அந்த அனுமதியை வாங்குவது வழக்கமாக ஏற்பாட்டாளரின் வேலை.

இதற்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1977இல் உச்ச நீதிமன்றம் ஐபிஆர்எஸ் (மெட்டுப் போடுபவர்கள், வரி எழுதுபவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கம்) வழக்கில், தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் படத்துக்காகச் செய்யச் சொன்ன இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர் என்றது. அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர், இசைக்கலைஞர்களுக்குச் சட்டத்தில் நியாயம் போதவில்லை என்று வருத்தத்தோடு ஒரு பின்குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்புக்குப் பதில் கிடைக்க 35 வருடம் ஆனது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இருந்தபோது விடாமல் பேசியதும் ஒரு காரணமாக, 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. இனி வரும் படிகளில் நமக்குக் கைகொடுக்கும் பிரிவுகளில் பல அந்தத் திருத்தத்தில் வந்தவை.

படி 2: ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன் பங்கை எழுதுங்கள்

பாட்டு ஹிட் ஆன பிறகு பங்கு பேசினால் நட்பு போகும். பாட்டு யாருக்கும் தெரியாதபோது பேசினால் டீ குடித்து முடிப்பதற்குள் பேசி முடித்துவிடலாம். ஒரே ஒரு தாள் போதும்:

பாட்டின் பெயர். முடித்த தேதி.
மெட்டு: இன்னார், 50 சதவீதம். வரிகள்: இன்னார், 50 சதவீதம்.
மாஸ்டர்: செலவு போட்டவர் 60, பாடகி 20, புரோகிராமிங்கும் கிட்டாரும் 20.
வெளியாருக்கு அனுமதி கொடுக்கப் பேச வேண்டியவர்: இன்னார். எவ்வளவு தொகைக்கு மேல் போனால் எல்லோரையும் கேட்க வேண்டும்: இவ்வளவு.
எல்லோர் கையெழுத்தும்.

கடைசிக்கு முந்தைய வரியை எல்லோரும் மறப்பார்கள். விளம்பரக் கம்பெனி இரவு பத்து மணிக்குக் கேட்டால் ‘சரி’ சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று தெரியாமலே பல நல்ல வாய்ப்புகள் கை நழுவியிருக்கின்றன.

கால்ஷீட் பேசி வந்து வாசித்துப் போகும் தவில்காரரிடமும் வயலின்காரரிடமும் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: எந்தப் பாட்டில் என்ன வாசித்தார், எவ்வளவு கொடுத்தோம், வணிக உரிமம் கொடுத்தால் அவருக்கு என்ன பங்கு. கடைசியாகச் சொன்னதைக் கொடுப்பவர்கள் குறைவு. ஆனால் உங்களுக்கு வரும் பைஅவுட் மெயிலைத் திட்டிவிட்டு, அதே பைஅவுட்டை நாதஸ்வரக்காரர் தலையில் கட்டுவது நன்றாகவா இருக்கும்?

வாங்கிய லூப், சாம்பிள் (பிறர் பதிந்து விற்கும் ஒலித்துண்டுகள்) எதையாவது போட்டிருந்தால் அதன் உரிம நிபந்தனையையும் இதே ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். ‘விளம்பரத்துக்குத் தனி அனுமதி’ என்று அதில் ஒரு வரி ஒளிந்திருக்கலாம். பாரதியார் வரிக்கு மெட்டுப் போட்டிருந்தால் வரிக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவர் படைப்புகளின் உரிமையை 1949லேயே சென்னை மாகாண அரசு வாங்கிவிட்டது, பிறகு அது பொதுவாக்கப்பட்டது. மெட்டும் மாஸ்டரும் உங்களுடையவை என்பதால் உங்கள் பதிவை எடுத்துப் போடுகிறவர் உங்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பாட்டிமார் பாடிய தாலாட்டிலிருந்து மெட்டெடுத்திருந்தால் சட்டம் உங்களைக் கேள்வி கேட்காது. அந்தப் பாட்டைப் பாடிக் காட்டியவருக்குப் பங்கு கொடுப்பது உங்கள் மனசாட்சியின் கணக்கு.

படி 3: பேரைப் பதிந்து வையுங்கள்

பதிப்புரிமை பிறப்பதற்குப் பதிவு தேவையில்லை. மெட்டை எழுதிய, பதிந்த கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. ஆனால் பணம் உங்களைத் தேடி வர முகவரி வேண்டும்.

மெட்டுப் போட்டவரும் வரி எழுதியவரும் ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை இணையத் தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனம்) வழியாக ஸ்பாட்டிஃபையிலிருந்து வரும் பணத்தைப் பார்த்து "ராயல்டிதான் வருகிறதே" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது மாஸ்டர் பங்கு மட்டும், அதாவது வீட்டு வாடகை. நிலத்துக்கான பங்கு ஐபிஆர்எஸ் வழியாகத்தான் வரும், நீங்கள் உறுப்பினராக இருந்தால். பாடகர்களுக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் இஸ்ரா என்று தொடங்கி இப்போது இசாம்ரா என்று இருக்கும் சங்கம். மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் ஐஎஸ்ஆர்சி எண் வாங்குங்கள். அந்தப் பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு அது. டிஸ்ட்ரிபியூட்டர்களே பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அதைக் குறித்து வைப்பதுதான் நம் வேலை.

ஐபிஆர்எஸ்ஸில் வாரிசு நியமனத்தையும் அன்றைக்கே செய்துவிடுங்கள். மெட்டுக்கும் வரிக்கும் உரிமை உங்கள் காலத்துக்குப் பின் 60 வருடம் ஓடும்.

படி 4: விலை சொல்வதற்கு முன் கேள்வி கேளுங்கள்

"எவ்வளவு சார் எதிர்பார்க்கிறீங்க?" என்ற கேள்விக்கு எண்ணால் பதில் சொன்னால் தோற்றீர்கள். நான் இப்போதெல்லாம் ஒரே செய்தியைப் போனில் சேமித்து வைத்து அப்படியே அனுப்புகிறேன்:

"மிக்க மகிழ்ச்சி. விலை சொல்ல இந்த விவரம் வேண்டும்: எந்தப் பொருளுக்கு, எத்தனை நொடி, எத்தனை எடிட்? டிவியா, தியேட்டரா, இணையமா? இணையம் என்றால் உங்கள் சொந்தப் பக்கத்தில் மட்டுமா, காசு கட்டிப் பரப்புவீர்களா? எந்த மாநிலங்கள், எந்த நாடுகள்? எவ்வளவு காலம்? இதே மாதிரிப் பொருள் விற்கும் வேறு யாருக்கும் இந்தப் பாட்டைக் கொடுக்கக் கூடாதா? வரியை மாற்றுவீர்களா? இருக்கிற மாஸ்டரையே போடுவீர்களா, திரும்பப் பாட வைப்பீர்களா?"

நிஜமாகவே பாட்டு வேண்டும் என்கிறவர் பதில் அனுப்புவார். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் சார்" என்றால் நீங்களும் பாட்டை அப்புறமே அனுப்புங்கள்.

இதில் மூன்று கேள்விகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். பொருள் என்ன என்று கேட்பது, நாளை உங்கள் குரலில் எதை விற்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள. கட்சிப் பிரசாரமாக இருந்தால்? ஆன்லைன் சூதாட்டமாக இருந்தால்? காசு கட்டிப் பரப்புவதைப் பற்றிக் கேட்பது, ஒரு சின்ன ரீல் என்ற பெயரில் வாங்கி முழு விளம்பரமாக ஓட்டுவது அங்கேதான் நடக்கிறது என்பதால். போட்டிப் பொருளைப் பற்றிக் கேட்பது, ஒரு காபித்தூளுக்குப் பாட்டைக் கட்டிப்போட்டால் வேறு எந்தக் காபித்தூளும் உங்களிடம் வராது என்பதால். வராமல் போகும் அந்தப் பணமும் விலையில் சேர வேண்டும்.

படி 5: நிலத்துக்கு ஒரு விலை, வீட்டுக்கு ஒரு விலை

சந்தை விலைப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. பெரிய கம்பெனிக்கு ஒரு விலை, தெருமுனைக் கடைக்கு ஒரு விலை. அதனால் விலையைவிட அதைப் போடும் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் விதி, இரண்டு விலை. மெட்டும் வரியும் சேர்ந்ததற்கு ஒன்று, மாஸ்டருக்கு ஒன்று. இரண்டும் சமமாக இருப்பது உலகம் முழுக்க வழக்கம். எம்எஃப்என் என்று தொழிலில் சொல்லும் நிபந்தனை இதற்குத்தான்: நிலத்துக்காரருக்கு ஒரு ரூபாய் கூட்டினால் வீட்டுக்காரருக்கும் அதே ஒரு ரூபாய். உங்கள் மாஸ்டர் ஒரு லேபிளிடம், அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனியிடம் இருந்து, மெட்டு உங்களிடம் இருந்தால் இந்த ஒரு வரியை மறக்காதீர்கள். லேபிளுக்குப் பெரிய தொகை போய், உங்களுக்கு நன்றிக் கடிதம் வருவதை அது தடுக்கும்.

கணக்குக்காக ஒரு உதாரணம். உள்ளூர்ப் பலகாரக் கம்பெனி, 30 நொடி, தமிழ்நாடு டிவியும் இணையமும், 12 மாதம். நிலத்துக்கு 60,000, வீட்டுக்கு 60,000, மொத்தம் 1,20,000 என்று வைப்போம். படி 2இல் எழுதிய தாளை எடுங்கள். நிலத்தில் மெட்டுக்கு 30,000, வரிக்கு 30,000. வீட்டில் செலவு போட்ட இசையமைப்பாளருக்கு 36,000, பாடகிக்கு 12,000, கிட்டாருக்கு 12,000. ஆக இசையமைப்பாளர் கைக்கு 66,000. இந்தக் கணக்கை விலை சொல்வதற்கு முன்னால் போட்டுப் பாருங்கள். "பதினஞ்சு ஓகேவா" என்று கேட்கும்போது, பாடகிக்கு 1,500 ரூபாய் என்ற எண் கண்ணில் பட்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

அப்புறம் நீட்டிப்பு விலை. இரண்டாம் வருடத்துக்குக் குறைந்தது அதே தொகை என்று இப்போதே எழுதுங்கள். அப்போது விளம்பரம் ஹிட் ஆகியிருக்கும், பேரம் பேச உங்களுக்கு வசதி என்று தோன்றும். ஆனால் அப்போது அவர்கள் வேறு பாட்டுக்கு மாறவும் செய்யலாம். எழுதி வைத்த எண் இரு தரப்புக்கும் நிம்மதி. கூடுதல் மொழி, கூடுதல் மாநிலம், தியேட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை. நிரந்தரமாக வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டால் ஐந்து வருட வாடகைக்குக் கீழே நான் பேசுவதே இல்லை. இது என் வழக்கம்தான், சட்டமில்லை.

"மாஸ்டர் வேண்டாம், நாங்களே வேறு ஆளை வைத்துப் பாடிக்கொள்கிறோம்" என்பார்கள். தாராளமாக. வீட்டு வாடகை மிச்சம், நிலத்து வாடகை அப்படியே இருக்கும். முதலில் பதிவான வருடம் முடிந்து ஐந்து வருடம் கழிந்த பாட்டைக் கவர் எடுக்கச் சட்டமே வழி தருகிறதே என்று விவரம் தெரிந்த ஒருவர் சொல்லலாம். 31சி பிரிவு அது. ஒலிப்பதிவாக எடுத்து வெளியிடுவதற்கான வழி. விளம்பரப் படத்தோடு ஒட்டுவதற்கு அது செல்லாது.

காசில்லாத மாணவர்கள் குறும்படத்துக்குக் கேட்டால் இலவசமாகவே கொடுங்கள், விழாக்களுக்கு மட்டும் என்று எழுதி. படம் ஓடிடிக்கு விற்றால் இவ்வளவு என்று இன்னொரு வரி. நான் இப்படிக் கொடுத்ததில் யாரும் முகம் சுளித்ததில்லை.

படி 6: பத்திரத்தைப் படியுங்கள்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். தலைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். ‘லைசென்ஸ் அக்ரிமென்ட்’ என்று தலைப்புப் போட்டு உள்ளே ‘அசைன்’ என்ற வினைச்சொல்லை வைத்திருப்பார்கள். லைசென்ஸ் என்றால் வாடகை. அசைன்மென்ட் என்றால் கிரயம். முதலில் அந்தச் சொல்லைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

கிரயமாகவே இருந்தாலும் சட்டம் உங்களை முழுக்கக் கைவிடுவதில்லை. 19ஆம் பிரிவு சொல்வதைக் கேளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். (என் ‘ஓகே’ கையெழுத்தாகுமா என்று அன்றைக்கே ஒரு வக்கீலைக் கேட்டிருந்தால் பேசுவதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். கேட்கவில்லை.) ராயல்டி என்ன, வேறு பலன் என்ன என்று ஒப்பந்தத்தில் குறிப்பிட வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, அது காலாவதியாகும். 30ஏ பிரிவு இதே விதிகளை, தேவையான மாற்றங்களோடு, லைசென்ஸுக்கும் பொருத்துகிறது.

ஆகவே எதையும் எழுதாத பத்திரத்தைவிட, எல்லாவற்றையும் அவர்களுக்குச் சாதகமாக எழுதிய பத்திரம்தான் ஆபத்து. ‘நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும், இப்போதுள்ள மற்றும் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்’ என்ற வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள். செவ்வாய்க் கிரகத்தில் வேட்டி விளம்பரம் ஓட்டப்போகிறார்களா என்று சிரிப்பு வரும். இந்த நீளத்துக்குக் காரணம் மேலே சொன்ன விதிகள்தான். காலத்தையும் இடத்தையும் எழுதாமல் விட்டால் சட்டம் அவர்கள் கையைக் கட்டும். ஒப்பந்த நாளில் இல்லாத ஊடகமும், பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் ஒழிய, கிரயத்தில் சேராது என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. அதைத் தாண்டத்தான் இத்தனை சொல். அதை அடித்துவிட்டு உங்கள் வாசகத்தை எழுதிக் கொடுங்கள்:

"இப்பாடலின் 30 நொடிப் பகுதியை, ஒரு விளம்பரப் படத்தில், தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலும் நிறுவனத்தின் சொந்தச் சமூக வலைதளப் பக்கங்களிலும், முதல் ஒளிபரப்பு நாளிலிருந்து 12 மாதம் பயன்படுத்த மட்டும் இந்த அனுமதி. முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் சேர்ந்த பிறகே அனுமதி நடைமுறைக்கு வரும். இங்கே சொல்லாத எல்லா உரிமையும், ஒலிபரப்பு ராயல்டி உட்பட, உரிமையாளரிடமே இருக்கும்."

மூன்று வாக்கியம். எழுபது சதவீதப் பாதுகாப்பு இதிலேயே வந்துவிடும் என்பது என் கணிப்பு. ஒரு சின்ன எச்சரிக்கை: முதல் ஒளிபரப்பு எப்போது என்பது அவர்கள் கையில் இருப்பதால், ‘எப்படியும் கையெழுத்திட்ட மூன்று மாதத்துக்குள் தொடங்கியதாகக் கொள்ளப்படும்’ என்று சேருங்கள்.

படத்துக்கு இசையமைக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பேக்கேஜ் பேசி, அதிலேயே ரெக்கார்டிங் செலவும் பாடகர் சம்பளமும் போக மிச்சம்தான் உங்கள் சம்பளம் என்று ஒப்புக்கொண்டிருப்பீர்கள். ‘ராயல்டி உட்பட எல்லாம் அடக்கம்’ என்று ஒரு வரி இருக்கும். 2012 திருத்தத்துக்குப் பின் அந்த வரிக்கு மதிப்பில்லை. படத்தோடு தியேட்டரில் ஓடுவதைத் தவிர, டிவி, ரேடியோ, ஓடிடி, ஹோட்டல் என்று வேறு எப்படிப் பயன்பட்டாலும் மெட்டுப் போட்டவருக்கும் வரி எழுதியவருக்கும் வாங்கியவரோடு சம அளவில் ராயல்டி உண்டு. இதை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது. படத்தில் சேராத தனிப்பாட்டுக்கும் இதே பாதுகாப்பு இருக்கிறது. பாடகருக்கு 38ஏ பிரிவு, வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்கிறது. கையெழுத்துப் போடும் நாளில் இதை நினைவூட்டினால் தயாரிப்பாளர் கோபப்படுவார் என்று பயப்படுகிறவர்களைத் தெரியும். நினைவூட்ட வேண்டாம். ஐபிஆர்எஸ்ஸில் சேர்ந்திருங்கள், அது போதும்.

சட்டம் இருப்பதும் பணம் வருவதும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2021இல் வந்து கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்ட ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டிலிருந்து தனக்கோ, அதைப் பாடிய அறிவுக்கோ, ‘தீ’ என்ற பாடகிக்கோ வருமானம் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். அதில் யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே கணக்கு கேட்க வேண்டியிருக்கிறது என்றால், நம் ஒப்பந்தத்தில் இரண்டு வரி இருந்தே தீர வேண்டும்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை, வருடத்துக்கு ஒருமுறை கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை.

இன்னும் ஒரு இடம், ‘உத்தரவாதம்’ என்ற பகுதி. பாட்டு முழுக்க உங்களுடையது, யாராவது வழக்குப் போட்டால் எல்லாச் செலவும் உங்களுடையது என்று இருக்கும். முதல் பாதி நியாயம். இரண்டாம் பாதிக்கு வரம்பு போடுங்கள்: நீங்கள் வாங்கிய தொகைக்கு மேல் பொறுப்பில்லை. 60,000 வாங்கிவிட்டு அறுபது லட்சத்துக்கு ஜாமீன் நிற்க முடியாது.

படி 7: பணம்

பாதி முன்பணம், மீதி ஃபைனல் ஃபைல் கொடுப்பதற்கு முன். எடிட்டுக்கு நடுவில் குரல் அடையாளம் (இடையிடையே பேர் சொல்லும் குரல்) போட்ட எம்பி3 மட்டும் கொடுங்கள். ஸ்டெம்ஸ் (குரல், வாத்தியம் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும் பதிவுகள்) கேட்டால் தனிப் பேச்சு. ஸ்டெம்ஸ் கையில் இருந்தால் உங்கள் பாட்டைப் பிரித்து வேறு பாட்டாகவே மாற்றிவிடலாம்.

ராயல்டித் தொகையில் பொதுவாக 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிய வருமான வரிப் பிடித்தம்) பிடிப்பார்கள். முழுத் தொகைக்கும் ஒருவரே பில் போட்டால் வருமானம் முழுவதும் அவர் பான் எண்ணில் ஏறும். மேலே போட்ட கணக்கில் 66,000 மட்டும் வாங்கியவர் 1,20,000க்குக் கணக்கு காட்டி, மற்றவர்களுக்குக் கொடுத்ததற்கு ரசீது தேட வேண்டியிருக்கும். முடிந்தவரை ஆளுக்கொரு பில். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, இசையமைப்பாளர் தன் படைப்பின் உரிமையை மியூசிக் கம்பெனிக்கோ தயாரிப்பாளருக்கோ மாற்றிக் கொடுத்தால் வரி கட்டும் பொறுப்பு ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வாங்குகிறவருடையது. உங்கள் தொகையிலிருந்து அதைக் கழித்தால் ஏனென்று கேளுங்கள். ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது உத்தமம்.

படமோ தொடரோ என்றால் கியூ ஷீட் கேட்டு வாங்குங்கள். எந்த நிமிடத்தில் எந்தப் பாட்டு, யார் மெட்டு, யார் வரி, எத்தனை நொடி என்ற பட்டியல் அது. டிவியில் ஓடும் ஒவ்வொரு தடவைக்குமான ராயல்டி இந்தத் தாளைப் பார்த்துத்தான் பிரிக்கப்படும். அதில் உங்கள் பேர் தப்பாக இருந்தால் பணம் தப்பான பேருக்குப் போகும், அல்லது யாருக்கும் போகாமல் கிடக்கும். இனிஷியல்கூடச் சரியாக இருக்க வேண்டும்.

படி 8: கேட்காமல் போட்டுவிட்டால், அல்லது முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால்

கேட்காமல் போட்டிருந்தால் முதலில் சத்தம் போடாதீர்கள். வீடியோவைத் தேதி, பக்கம், பார்வை எண்ணிக்கை தெரியும்படி ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்யுங்கள். அப்புறம் மெயில்: இது என் பாட்டு, ஐஎஸ்ஆர்சி எண் இது, இந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள், உரிமத் தொகை இவ்வளவு, ஏழு நாளுக்குள் பதில். பாதிப் பேர் இதிலேயே பேச வந்துவிடுவார்கள். வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். வழக்குவரை போனால், கம்பெனி மும்பையில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 62ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். மதுரைக்காரர் மதுரையிலேயே.

முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் பழைய மெயில்களை இறக்கி உட்காருங்கள். காலம் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் ஐந்து வருடம் எப்போது முடிகிறது? கையெழுத்து இருக்கிறதா? ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தினார்களா? ஒப்பந்தம் ரொம்பக் கொடுமையாக இருந்தால் 19ஏ பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கவும் வழி உண்டு. ஆனால் எழுதிக் கொடுத்து ஐந்து வருடம் ஆகும் வரை அப்படி ரத்து செய்ய உத்தரவிட மாட்டார்கள்.

அந்த நகைக்கடை விளம்பரம் எடுத்த அதே ஏஜென்சியிலிருந்து போன வருடம் மறுபடி செய்தி வந்தது. வேறொரு பையன், வேறொரு பாட்டு, அதே "பதினஞ்சு ஓகேவா?" சேமித்து வைத்திருந்த கேள்விகளை அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "டிவி எல்லாம் இல்லை சார். ஒரே ஒரு ரீல். மூணு மாசம். எங்க பேஜ்ல மட்டும்." படி 6இல் இருக்கும் மூன்று வாக்கியத்தை அதற்கேற்ப மாற்றி, கையெழுத்துக்கு அனுப்பினேன். பதினைந்துக்கே கொடுத்தேன்.